தேர்தல் மாதத்தில் ஒரு வேட்டைத் துவக்கு

இந்தச் சீருடையைப் புதிதாகப் போட்டிருக்கும் உங்களுக்கு முதலில் என் அனுதாபம், பிறகு வாழ்த்து. சட்டை தோளில் இறுக்கும், சப்பாத்து குதிகாலைக் கடிக்கும், வெளியே நிற்கிற பொடியன்கள் உங்களைப் பொலிஸ் வேலை கிடைக்காதவர் என்பார்கள். பயிற்சி வகுப்பில் தீயணைக்கும் கருவி எங்கே இருக்கும், மயங்கி விழுந்தவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்றெல்லாம் சொல்லித் தந்திருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்கள் சனிக்கிழமையைப் பாழாக்க மாட்டேன். ஆயுதம் பற்றிய பாடம் மட்டும் அங்கே மிகச் சுருக்கமாக இருந்திருக்கும்: உங்களிடம் ஆயுதம் இல்லை, பாடம் முடிந்தது. விட்டுப்போனதை நான் சொல்கிறேன்.

ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில், ஸ்டோவ்னர் பக்கமாக, ஒரு கடைத்தொகுதியில் கன காலம் காவலாளாக இருந்தேன். எனக்கு வேலை பழக்கியவள் வடக்கு நோர்வேக்காரி, வயதில் என்னைவிட நன்றாக இளையவள். அவளிடம் ஒரே ஒரு உபதேசம்தான் இருந்தது. "ஓடாதே. நீ ஓடினால் கடைக்கு வந்த அத்தனை பேரும் உன் பின்னால் ஓடுவார்கள், எதற்கென்று தெரியாமலே." முதலில் இதை அவளுடைய சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். பிறகு அவளைப் பற்றி அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். இரண்டாயிரங்களில் ஒரு நகரசபைத் தேர்தல் வருசம். இந்த நாட்டில் செப்ரெம்பர் மாதத்தில் இரண்டு வகை மனிதர்கள் வெளியே வருவார்கள். ஒருவர் எல்க் மான் வேட்டைக்கு ஆயத்தமாகும் வேட்டைக்காரர், மற்றவர் வாக்குக் கேட்கும் வேட்பாளர். இரண்டு பேரும் பதுங்கி நின்று குறிபார்ப்பவர்கள்தான், ஆனால் வேட்டைக்காரருக்கு மட்டும் ஒரு பரீட்சை வைக்கிறார்கள்.

எங்கள் கடைத்தொகுதியின் நடு முற்றத்தில் இரண்டு கட்சிகள் எதிரெதிரே மேசை போட்டிருந்தன. ஒரு மேசையில் வாஃபல் சுட்டுக் கொடுத்தார்கள். அந்த மேசைக்குப் பொறுப்பான பெண் வேட்பாளரை வாஃபல் அம்மா என்று வைத்துக்கொள்வோம். அவரது பதாகையில் அவரே காட்டுக்குள் பச்சை உடுப்போடு, தோளில் துப்பாக்கி, பக்கத்தில் நாய் சகிதம் சிரித்துக்கொண்டு நின்றார். நேர்மையான வேட்டைக்காரனின் துப்பாக்கியில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. ஊரில் குற்றம் பெருகிவிட்டது, பொலிசார் எப்போதும் இடுப்பில் துப்பாக்கியோடு திரிய வேண்டும் என்பதும் அவருடைய கொள்கைதான்.

எதிர் மேசையில் பிள்ளைகளுக்குப் பலூன் கொடுத்தார்கள். அங்கே இருந்த வேட்பாளர் பலூன் ஐயா. நகரத்துக்குள் எந்த வீட்டிலும் துப்பாக்கி இருக்கக் கூடாது, வேட்டைக்காரரின் துப்பாக்கியைக்கூடச் சூட்டுக் கழகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பார். வெளிநாட்டவர்கள் மேல் அவருக்கு அளவில்லாத பாசம். என்னைக் கண்டால் ஒவ்வொரு நாளும் கை கொடுத்து, நான் எப்போது நோர்வேக்கு வந்தேன் என்று ஒவ்வொரு நாளும் கேட்பார்.

அந்தக் கோடையில் நகரத்தின் வேறொரு மூலையில் யாரோ யாரையோ சுட்டிருந்தார்கள். சுட்டவன் எங்கள் பக்கத்து ஆளில்லை, சுடப்பட்டவனும் இல்லை. ஆனாலும் இரண்டு மேசைகளும் அந்தச் சூட்டை எங்கள் முற்றத்துக்கே கொண்டுவந்து, ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிடப் பார்த்தார்கள். நான் நடுவில் நின்று வாஃபலும் சாப்பிட்டேன், பலூனும் வாங்கினேன். காவலாள் கட்சி சார்பில்லாதவனாக இருக்க வேண்டும்.

இப்போது தவராசா அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து ரொம்மனில் வீடு, ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் நீண்ட கால வேலை. மாவு பிசையும் இயந்திரத்தோடு பழகிய அளவுக்கு அங்கே மனிதரோடு பழகக் கிடைக்கவில்லை. ஓகஸ்ட் தொடங்கினால் சாப்பாட்டு மேசையில் நோர்வேக்காரர் அத்தனை பேரும் எல்க் பற்றித்தான் கதைப்பார்கள்: எங்கே கண்டது, எத்தனை கொம்பு, யார் தவறவிட்டது. தவராசா அண்ணை தன் புட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருப்பார். ஒரு வருசம் அவருடைய மேற்பார்வையாளன், "நீயும் வாயேன்" என்று சொல்லிவிட்டான். அவன் பேச்சுக்குச் சொன்னானோ என்னவோ, இவர் நிசமாகவே எடுத்துக்கொண்டார். வேட்டைப் பயிற்சிக்குப் போனார், நோர்வே மொழியில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார், பொலிசில் அனுமதி எடுத்து ஒரு துப்பாக்கியும் வாங்கினார். வேட்டைக் குழுவில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அதை என்னிடம் சொன்னபோது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தபோதுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை.

வீட்டில் அவரது மனைவி புனிதம் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம். இஞ்சை வந்து காசு குடுத்துத் துவக்கு வாங்கிறியளோ?" என்று கேட்டாராம். துப்பாக்கி சட்டப்படி இரும்புப் பெட்டிக்குள் பூட்டுப்பட்டது, பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது, அக்கா படுக்கையை மற்ற அறைக்கு மாற்றினார்.

அன்று வெள்ளிக்கிழமை பின்னேரம். தவராசா அண்ணை வேட்டைக்கு முந்திய சூட்டுப் பரீட்சைக்குப் பழகிவிட்டு நிலக்கீழ் ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார். துப்பாக்கி நீளமான பைக்குள், குண்டு இல்லாமல் இருந்தது. அதைச் சுட வைக்கும் இரும்புத் துண்டைக் கழற்றித் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். எல்லாம் சட்டப்படி. ரயிலில் வரும்போது அக்கா தொலைபேசியில் லீக்ஸ் கீரைத்தண்டும் தேங்காய்ப்பாலும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். ஆக ஒரு தோளில் துப்பாக்கிப் பை, மறு கையில் லீக்ஸ் எட்டிப் பார்க்கும் பிளாஸ்டிக் பை, தலையில் வேட்டைக்காரர் போடும் செம்மஞ்சள் தொப்பி. இந்தக் கோலத்தில் அவர் இரண்டு மேசைகளுக்கும் நடுவால் நடந்து வந்தார்.

வாஃபல் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். அங்கே ஆயுதத்தோடு ஒரு ஆள் வருகிறான் என்றார். நான் திரும்பிப் பார்த்துவிட்டு, அது வேட்டைத் துப்பாக்கி, அவர் வேட்டைக்காரர், தொப்பியைப் பாருங்கள் என்றேன். அவர் தொப்பிக்குக் கீழே இருந்ததைத்தான் பார்த்தார். தன் பதாகையில் துப்பாக்கியோடு சிரித்த தனக்கே முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தான் ஏற்கெனவே பொலிசுக்கு அறிவித்துவிட்டதாகப் பெருமையோடு சொன்னார்.

இந்த நாட்டுப் பொலிசார் சாதாரணமாகத் துப்பாக்கியைக் காருக்குள் பூட்டி வைத்துவிட்டுத்தான் நடப்பார்கள். ஆனால் கடைத்தொகுதிக்குள் ஆயுதத்தோடு ஒரு ஆள் என்று அறிவித்தால் பூட்டைத் திறந்துகொண்டு வருவார்கள். அன்று பார்த்து அவர்கள் மிக அருகில் இருந்திருக்கிறார்கள். நான் தவராசா அண்ணையை நோக்கி நடக்கத் தொடங்கினேன். ஓடவில்லை. வெள்ளிக்கிழமைச் சனம், பலூன் வைத்த பிள்ளைகள், நடுவில் நான் வேகமாக, ஆனால் கடைக்காரன் சில்லறை மாற்றப் போகிற மாதிரி நடந்தேன். அவருக்கு நாலைந்து அடி இருக்கும்போது கண்ணாடிக் கதவால் இரண்டு பொலிசார் வந்தார்கள். ஒருவர் வயதான பெண். மற்றவன் இளம் பொடியன், கையில் துப்பாக்கி, குழல் தரையைப் பார்த்தபடி. அவன்தான் கத்தினான், நில், அசையாதே என்று.

தவராசா அண்ணை நின்றார். அதுவரை சரி. பிறகு அவர் செய்ததை நோர்வேயில் பிறந்த எவனும் செய்ய மாட்டான். தோளிலிருந்த நீளப் பையை மெல்ல இறக்கித் தரையில் வைத்தார். குனிந்தார். கை பையைத் திறக்கும் சிப்புக்குப் போனது.

ஏன் என்று உங்களில் எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு விளங்கும். ஒஸ்லோவில் பிறந்தவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். எங்கள் தலைமுறை இலங்கை யுத்தத்தின் சோதனைச்சாவடியில் நின்று வளர்ந்தது. பள்ளிக்கூடம் போக ஒன்று, சந்தைக்குப் போக ஒன்று, செத்த வீட்டுக்குப் போகவும் ஒன்று. சீருடை நில் என்றால் நின்றால் மட்டும் போதாது. கேட்குமுன் பையைத் திறந்து காட்ட வேண்டும். கேட்டபிறகு திறந்தால், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லித் தப்பினவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆகவே கை தானாகப் போகும், மூளையிடம் அனுமதி கேட்காது. நான் முதல் தடவை ஒஸ்லோ விமான நிலையத்தில் இறங்கி, வழி சொல்ல வந்த அதிகாரிக்கு என் பெட்டியைத் திறந்து உள்ளுடுப்பெல்லாம் காட்டியவன். அவர் மிகவும் சங்கடப்பட்டார்.

ஆனால் அந்தப் பொலிஸ் பொடியன் கண்டது வேறு. ஆயுதத்தோடு வந்தவன் அசையாதே என்றபிறகு குனிகிறான், பையைத் திறக்கிறான். அவனுடைய குழல் தரையிலிருந்து மேலே வரத் தொடங்கியது. இந்த இடத்தில் என்னிடம் இருந்தது ஒரு வாய். அதில் இரண்டு மொழிகள், ஒரு நேரத்தில் ஒன்றுதான் கதைக்கலாம். முதலில் யாரிடம் கதைப்பது?

இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். எவருடைய துப்பாக்கி வேலை செய்கிறதோ அவரிடம் முதலில் கதையுங்கள். தவராசா அண்ணையின் துப்பாக்கியைச் சுட வைக்கும் இரும்பு அவருடைய காற்சட்டைப் பைக்குள் வீட்டுக் கதவுத் திறப்போடு கிடந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அவருடைய சிப் இறுகின சிப் என்பது தெரிந்தது, அவர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பொலிஸ் பொடியனின் விரலில் அப்படி எந்த இறுக்கமும் இல்லை. அதோடு, என் நிறத்து ஆள் ஒருவன் அவனுக்கு விளங்காத மொழியில் இன்னொரு என் நிறத்து ஆளோடு திடீரென்று கத்தினால் அவன் என்ன நினைப்பான்? இரண்டு பேரும் ஒரு கூட்டம் என்றுதான் நினைப்பான். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு நோர்வே மொழியில் சொன்னேன்: அவர் திறந்து காட்டப் பார்க்கிறார், சுடப் பார்க்கவில்லை, நான் இப்போது எங்கள் மொழியில் அவரை நிறுத்துகிறேன். பிறகுதான் தமிழுக்கு வந்தேன்.

"அண்ணை, கையை எடுங்கோ. திறக்காதேங்கோ."

அவர் நிமிராமலே கேட்டார், "திறந்து காட்டினால்தானே தம்பி விடுவினம்?"

"இஞ்சை திறந்தால் சுடுவினம்."

அவர் கையை எடுத்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். லீக்ஸ் பை மணிக்கட்டிலேயே தொங்கியது, தேங்காய்ப்பால் டின் அவர் காதில் இடித்துக்கொண்டிருந்தது. பொடியனின் குழல் திரும்பத் தரையைப் பார்த்தது. அவன் முகத்தில் இரத்தம் இல்லை. பாவம், உங்களில் பலருடைய வயதுதான் அவனுக்கும்.

அப்பாடா என்று நினைத்தேன். அது என் பிழை. ஆபத்து முடிந்தபிறகுதான் அரசியல் தொடங்கும்.

எங்கள் காவல் அறையில் எல்லாரையும் இருத்தினார்கள். மூத்த பொலிஸ்காரி அனுமதிப் பத்திரத்தைப் பார்த்தார், சரியாக இருந்தது. பையின் திறந்த வாயால் துப்பாக்கியைப் பார்த்தார், குண்டு இல்லை. ஆனால் பொது இடத்தில் ஆயுதப் பையைத் திறந்தது சின்ன விசயமில்லை என்றார். பொறுப்பில்லாத ஆள் என்று அவர் மேலிடத்துக்கு எழுதினால் அனுமதி போய்விடும், துப்பாக்கி போய்விடும், குழுவில் இடமும் போய்விடும். வேட்டைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. தவராசா அண்ணை லீக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாட்சி சொல்ல இரண்டு வேட்பாளர்களும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். கதவுக்கு வெளியே வாக்காளர் கேட்டுக்கொண்டிருக்க, வாஃபல் அம்மா தான் குழலைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார். அவன் அதை இழுத்து எடுத்துவிட்டானாம். இப்படிப்பட்டவர்களிடமிருந்து துப்பாக்கியை உடனே பறிக்க வேண்டுமாம். வேட்டைக்காரனின் துப்பாக்கியில் கை வைக்கக் கூடாது என்று உங்கள் பதாகையில் இருக்கிறதே என்று மரியாதையாகக் கேட்டேன். அது வேட்டைக்காரருக்கு என்றார். இவரும் வேட்டைக்காரர்தான் என்றேன். அவர் தவராசா அண்ணையைப் பார்த்தார், பிறகு லீக்ஸைப் பார்த்தார்.

பலூன் ஐயா அவரைவிட நல்லவர், ஆகவே அவரைவிட ஆபத்தானவர். அங்கே துப்பாக்கியே இருக்கவில்லை, அது மீன் தூண்டில், ஒரு அப்பாவி வெளிநாட்டவரைப் பொலிசும் காவலாளும் சேர்ந்து வதைக்கிறார்கள் என்று சாட்சி சொன்னார். நானும் ஒரு வெளிநாட்டவன் என்பது அந்த நேரம் அவருக்கு மறந்துபோனது. பொலிஸ்காரி மேசையிலிருந்த பையின் வாயால் தெரிந்த துப்பாக்கியைச் சுட்டிக்காட்டினார். ஐயா ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் அது அவருடைய பண்பாட்டு உரிமை என்றார். எல்க் வேட்டை யாழ்ப்பாணத்தின் பண்பாடு என்று அன்றுதான் எனக்குத் தெரிய வந்தது. துப்பாக்கிக்காக வாக்குக் கேட்டவர் துப்பாக்கியைப் பறிக்கச் சொன்னார், துப்பாக்கியே கூடாது என்றவர் அதைக் கொடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. அரசியலுக்கு அந்தத் தைரியம் வேண்டும்.

தவராசா அண்ணை என் பக்கம் சாய்ந்து மெல்லக் கதைத்தார். "தம்பி, நான் பையைத் தொடவே இல்லை எண்டு சொல்லுங்கோ. அந்த ஐயாவும் எனக்காகத்தானே சொல்லுறார். உங்கடை வாயிலைதான் என்ரை வேட்டை கிடக்குது."

அவருக்காக மனம் உருகியது, மறைக்க மாட்டேன். ஆனால் சிப் ஒரு சாண் திறந்து கிடந்தது, மேசையில் எல்லாருக்கும் முன்னால். அந்த ஒரு சாணைப் பொய் சொல்லி மூட முடியாது. நான் பொலிஸ்காரியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன்: கை சிப்புக்குப் போனது, திறந்தார், நான் சொன்னதும் விட்டார். பிறகு ஏன் திறந்தார் என்பதையும் சொன்னேன். சோதனைச்சாவடி, சீருடை, கேட்குமுன் திறப்பது, எல்லாம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அது அங்கே, பல வருசத்துக்கு முன்பு, இந்த மனிதர் இங்கே எவ்வளவு காலமாக இருக்கிறார் என்று கேட்டார். பழக்கம் என்று எதையும் சொல்லலாம் என்றார். அவரில் பிழை இல்லை, நானும் அவருடைய கதிரையில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். தவராசா அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் கதவு திறந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, வீட்டு உடுப்போடு, மேலே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு புனிதம் அக்கா ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. புருசனைத் தேடி உள்ளே பார்த்தார். ஆனால் கதவடியில் அந்தப் பொலிஸ் பொடியன் நின்றான். அவன் ஒன்றும் கேட்கவில்லை, சும்மா நின்றான். அக்கா சட்டென்று நின்று, தோளிலிருந்த கைப்பையை இறக்கி, சிப்பை முழுதாகத் திறந்து, அவனுக்கு முன்னால் ஏந்திப் பிடித்தார்.

பொடியனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தேவையில்லை, மூடுங்கள் என்றான். அக்கா மூடவில்லை. பையை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நீட்டினார். அவன் தன் மேலதிகாரியைப் பார்த்தான். கடைசியில் வேறு வழியில்லாமல் அவன் குனிந்து உள்ளே பார்த்தான். மூக்குக்கண்ணாடி, பயணச்சீட்டு, ஒரு பொட்டு மட்டை. நன்றி என்றான். அதற்குப் பிறகுதான் அக்கா பையை மூடிக்கொண்டு புருசனிடம் போனார்.

மூத்த பொலிஸ்காரி எழும்பி, மேசையிலிருந்த நீளப் பையின் சிப்பைத் தன் கையாலேயே இழுத்து மூடி, தவராசா அண்ணையிடம் கொடுத்தார். நேரே வீட்டுக்குப் போங்கள், வழியில் யார் சொன்னாலும் திறக்காதீர்கள் என்றார். மேலிடத்துக்கு ஒன்றும் போகவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாஃபல் அம்மா வென்றார். நகரசபையில் கதிரைகள் பல, ஆகவே பலூன் ஐயாவும் வென்றார். இரண்டு பேரும் அந்த வெள்ளிக்கிழமையைத் தங்கள் தங்கள் கட்சிக்கூட்டத்தில் தங்கள் தங்கள் விதமாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினார்கள் என்று கேள்வி. ஒரு கதையில் துப்பாக்கி சுட்டதாகவே வந்ததாம். தவராசா அண்ணை வேட்டைக்குப் போனார். எல்க் ஒன்றையும் சுடவில்லை, ஆனால் அடுத்த வருசம் எங்கே நிற்பது என்று இடம் குறித்துக் கொடுத்தார்களாம். இப்போது சாப்பாட்டு மேசையில் அவரும் கதைக்கிறார்.

சில கிழமை கழித்துப் புனிதம் அக்கா காய்கறி வாங்க வந்தவர் என்னைக் கண்டு நேரே வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

"உங்களாலைதான் அந்தச் சனியன் இன்னும் என்ரை வீட்டுக்குள்ளை கிடக்குது," என்றார்.

"என்னாலை இல்லை அக்கா. உங்களாலைதான். நீங்கள் அண்டைக்கு அந்தப் பொடியனுக்குக் கைப்பையைத் திறந்து காட்டினதைக் கண்ட பிறகுதானே திருப்பிக் குடுத்தவை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பகிடி விடுகிறேனா என்று யோசிப்பது தெரிந்தது.

"நான் எங்கை தம்பி பையைத் திறந்தனான்?" என்று கேட்டார். உண்மையாகத்தான் கேட்டார்.